கட்டணம் இல்லை என்றால் பட்டம் படித்தே ஆக வேண்டுமா?

புதுவரவு:

வணக்கம். பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. புள்ளியியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடம், கல்விக் கட்டணம் ஒரு காசு கிடையாது. இன்னொரு பக்கம், லிப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் மாதத்திலிருந்தே சம்பளம், இரண்டு வருடத்தில் சான்றிதழ். வீட்டில் அம்மா ஒருவர் சம்பளம்தான். தம்பி பள்ளியில் படிக்கிறான்.

யாரிடம் கேட்டாலும் "சும்மா கிடைக்கிற படிப்பை யாராவது விடுவார்களா" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு காரணமும் சொல்வதில்லை. கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் இலவசம் என்பது மட்டும் நான்கு வருடத்தைக் கொடுக்கப் போதுமான காரணமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடக்குவாசல்:

யோசிக்கவே வேண்டாம் தம்பி, சேருங்கள். பட்டம் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. வேலை எங்கே ஓடிப்போகிறது?

கூட்டல்கழித்தல்:

வடக்குவாசல் சொன்னதை அப்படியே ஏற்க முடியவில்லை. கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. படிப்பின் செலவில் பெரும் பகுதி பல நேரம் கல்லூரிக்குக் கட்டும் பணமே இல்லை, அந்த வருடங்களில் சம்பாதிக்காமல் விட்ட சம்பளம்தான். பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் மனித மூலதனம், அதாவது படிப்பையும் பயிற்சியையும் ஒரு முதலீடாகப் பார்ப்பது பற்றி எழுதியபோதே இதைக் கணக்கில் சேர்த்துவிட்டார், அதையும் உள்ளடக்கிய ஆய்வுகளுக்காக 1992இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் வீட்டில் யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. கையை விட்டுப் போன பணம்தான் கண்ணில் படும், கைக்கு வராமலே போன பணம் கண்ணில் படாது.

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். பயிற்சிச் சம்பளம் இரண்டு வருடம், அதன்பின் சான்றிதழுடன் வரும் சம்பளம் இரண்டு வருடம், இரண்டையும் கூட்டுங்கள். அதோடு தேர்வுக் கட்டணம், புத்தகம், கணினி, போக்குவரத்து, தங்குமிடம் என்று கல்லூரியில் கைக்காசு போகும் எல்லாவற்றையும் சேருங்கள். இந்த "இலவச"ப் படிப்பின் விலை அதுதான். அந்த விலைக்கும் வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குவேன் என்று தோன்றினால் தாராளமாகச் சேரலாம்.

புதுவரவு:

நான் தம்பி இல்லை, தங்கை. :)

எழுதிப் பார்த்தேன் அண்ணா. நான் நினைத்ததைவிடப் பெரிய தொகைதான் வருகிறது. ஆனால் நான்கு வருடம் கழித்து இரண்டு வழியிலும் எவ்வளவு சம்பளம் வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைத் தெரியாமல் இந்தக் கூட்டல் பாதியில் நிற்கிறது.

விண்ணப்பக்கட்டு:

ஆளெடுக்கும் வேலையில் ரொம்ப காலமாக இருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு இடத்துக்கு ஆள் தேவை என்று அறிவித்த உடனே நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். எல்லாவற்றையும் யாரும் படிப்பதில்லை. மென்பொருளில் ஒரு வடிகட்டி இருக்கிறது: "குறைந்தபட்சத் தகுதி: இளங்கலை". அந்தக் கட்டத்தில் ஒரு டிக் வைத்தால் பட்டியல் பாதிக்கும் கீழே வந்துவிடும். அதில் விழுந்துபோனவர்களில் நல்ல ஆட்கள் இருப்பார்கள் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அவர்கள் பெயரை நாங்கள் பார்ப்பதே இல்லை. நேர்காணலுக்குப் போனால் திறமையைக் காட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு இடத்தை மறந்துவிடுகிறார்கள். நேர்காணல் வரை போனால்தானே காட்டுவதற்கு?

"இப்போதெல்லாம் பட்டம் கேட்பதில்லை, திறமைதான்" என்று நிறையச் செய்திகள் வருகின்றன. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 2022இல் ஆயிரக்கணக்கான அரசுப் பணியிடங்களுக்குப் பட்டம் கட்டாயமில்லை என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் சிலவும் இப்படி அறிவித்திருக்கின்றன. ஆனால் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட அந்த மாற்றத்தால் வேலை பெற்றவர் இல்லை என்று வந்தது. விளம்பரத்திலிருந்து ஒரு வரியை நீக்குவது சுலபம், ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேலாளரின் பழக்கத்தை நீக்குவதுதான் கஷ்டம். நான் தினமும் பார்ப்பதும் அதுதான்.

இன்னொன்று. வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பட்டத்தின் மதிப்பே வேறு. அமெரிக்காவின் எச்1பி விசாவுக்கு இளங்கலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். கனடா குடியேற்றத்துக்குப் புள்ளிகள் போடும்போது படிப்புக்குத் தனியாகப் புள்ளி உண்டு. அங்கே அதிகாரி உங்கள் திறமையைச் சோதிக்கப் போவதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்பார்.

இத்தனையும் சொன்னதால் எல்லோரும் சேருங்கள் என்று அர்த்தமில்லை. நீங்கள் போக நினைக்கும் வேலையின் வாசலில் இந்த வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம், சட்டம், கட்டடக்கலை என்றால் பட்டம் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள், பேச்சே இல்லை. புள்ளியியல் சார்ந்த வேலைகளில் வடிகட்டி கடுமையாக இருக்கும். லிப்ட் வேலையில் பட்டத்தை யாரும் கேட்பதில்லை, சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

முறுக்காணி:

லிப்ட் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே துறையில் இருக்கிறேன்.

நல்ல வேலை தங்கச்சி. நிஜமாகவே சொல்கிறேன். ஒரு லிப்ட் நின்றுவிட்டால் முதலில் கதவுப் பூட்டின் தொடுமுனைகளைப் பார்ப்போம். நின்றுபோகும் லிப்ட்களில் நிறைய அங்கேதான் பிரச்சினை: தூசி, தேய்மானம், கொஞ்சம் வளைந்துபோன தகடு. பாதுகாப்பு மின்சுற்று முழுவதும் தொடராக இணைந்திருக்கும், ஒரு தொடுமுனை விட்டுப்போனால் லிப்ட் அசையாது. மீட்டரை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டே போய் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது வருகிற திருப்தி இருக்கிறதே, அது எனக்கு இன்றும் குறையவில்லை. கணக்குப் பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும்.

ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும் இல்லையா? குழிக்குள் இறங்கி வேலை, இரவில் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அழைப்பு, முட்டியும் முதுகும் வாங்கும் அடி. இருபது வயதில் தெரியாது, நாற்பதுக்கு மேல் தெரியும். அப்போது மேற்பார்வை, ஆய்வு, வடிவமைப்பு என்று நகர வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அந்த நாற்காலிகள் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் போகின்றன. என்னைவிட வேலை தெரியாத ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்கும்போது எனக்குக் கோபம் வரும். அதை மறைக்க விரும்பவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகமும் பெரும்பாலும் இலவசம், தொழிற்பயிற்சிக்கும் மதிப்பு உண்டு. வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் வேலை, சில நாள் தொழிற்பள்ளி, கையில் உதவித்தொகை. அதற்கு மேல் படித்து மைஸ்டர், அதாவது தலைமைத் தொழில்வல்லுநர் ஆனால், அவர்களுடைய தகுதிச் சட்டகத்தில் அது இளங்கலைப் பட்டம் இருக்கும் அதே 6ஆம் படியில் வரும். கட்டணமே இல்லாத நாட்டிலும் அத்தனை இளைஞர்கள் பட்டறைப் பக்கம் போகிறார்கள் என்றால், இலவசமா இல்லையா என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இல்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு வழியிலும் மேலே ஏறப் படிக்கட்டு இருக்கிறது.

உங்களுக்குச் சொன்ன நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள்: பயிற்சி முடித்தவர்கள் பத்து வருடம் கழித்து இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார்கள்?

மாலைவகுப்பு:

வேலைக்குப் போய்க்கொண்டே கட்டணமில்லாக் கல்லூரியில் படிக்கிறேன். "ஓசியில் படிக்கிறாய்" என்று சொல்லும் எவரும் என் மாதக் கடைசியைப் பார்த்ததில்லை. ஆகவே இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இலவசம் என்ற வார்த்தைக்குள் எது எது இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள். அயர்லாந்தில் 1996இல் இளங்கலைக் கட்டணத்தை எடுத்தார்கள். ஆனால் "மாணவர் பங்களிப்பு" என்ற பெயரில் ஒரு தொகை வளர்ந்து வளர்ந்து வருடத்துக்கு 3,000 யூரோ வரை போனது. பெயர் மாறினால் கட்டும் கை மாறுகிறதா? ஜெர்மனியில்கூட ஒவ்வொரு செமஸ்டருக்கும் நிர்வாகம், போக்குவரத்து என்று ஒரு தொகை கட்ட வேண்டும். பெரிய தொகை இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. என் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை என்பது சத்தியமான உண்மை. ஆய்வகம், தேர்வு, நூலகம், பதிவு, சான்றிதழ் எல்லாம் தனித்தனி ரசீது.

அடுத்தது, சாப்பாடும் வாடகையும். சுவீடனில் உள்நாட்டு மாணவருக்குக் கட்டணமே கிடையாது. இருந்தும் அங்கே ஏராளமான மாணவர்கள் கடனோடுதான் வெளியே வருகிறார்கள். அந்தக் கடன் பெரும்பாலும் வாழ்க்கைச் செலவுக்கு. அங்கே அரசே சுமார் மூன்றில் ஒரு பங்கு உதவித்தொகை, மீதி குறைந்த வட்டிக் கடன் என்று கொடுக்க ஓர் அமைப்பு வைத்திருக்கிறது. அப்படி ஒன்று இல்லாத இடத்தில் அந்தச் செலவை யார் ஏற்பது? அம்மா. அல்லது இரவில் வேலை பார்க்கும் மாணவி. புதுவரவு, உங்கள் வீட்டுக் கணக்கில் பெரிய கேள்வி இதுதான். கட்டணத்தைத் தள்ளுபடி செய்தவர்கள் உங்கள் மாத வாடகையைத் தள்ளுபடி செய்யவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். பாதியில் விட்டால் பாதிப் பலன் கிடைக்காது. மூன்று வருடம் படித்து நான்காவதில் நிறுத்தியவருக்கு முக்கால் பங்கு சம்பள உயர்வு வருவதில்லை. பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார்கள்: கடைசி வருடத்தை முடித்துக் காகிதம் வாங்கும்போதுதான் சம்பளத்தில் ஒரு தாவல் வருகிறது. விண்ணப்பக்கட்டு சொன்ன வடிகட்டியில் "முக்கால் பட்டம்" என்று ஒரு கட்டம் கிடையாது இல்லையா? ஆக, வழியில் விழுந்துவிட்டால் வருடமும் போகும், சம்பளமும் போகும், காகிதமும் வராது. என் வகுப்பில் விட்டுப்போனவர்கள் யாரும் கட்டணம் கட்ட முடியாமல் போகவில்லை. பேருந்துக்குக் காசு இல்லாமலும், ஷிப்ட் மாறியதாலும், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டதாலும் போனார்கள். படிப்பில் கெட்டிக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

சேருங்கள் அல்லது சேராதீர்கள். ஆனால் "எப்படி முடிப்பேன்" என்பதற்குப் பதில் இல்லாமல் சேராதீர்கள்.

எதிர்க்காற்று:

இலவசமாகக் கொடுப்பதுதான் பிரச்சினையே. காசு கட்டினால் பொறுப்பு வரும். சும்மா வந்தவன் சும்மாவே போவான். அர்ஜென்டினாவில் 1949இலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. சேருகிறவர்களில் முடிக்காமல் போகிறவர்கள்தான் அங்கே அதிகம்.

மாலைவகுப்பு:

எதிர்க்காற்று, அர்ஜென்டினாவில் இல்லாதது கட்டணம் மட்டுமல்ல, கடினமான நுழைவுத் தடையும் பெரும்பாலும் இல்லை, நிறைய மாணவர்கள் முழு நேர வேலையும் பார்க்கிறார்கள். விட்டுப்போவதற்குப் பொறுப்பின்மைதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கட்டணம் வாங்கும் கல்லூரிகளிலும் பாதியில் விடுகிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் கடனையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

சுண்ணக்கட்டி:

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எதிர்க்காற்றின் வாதத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டணம் போன இடத்தில் வேறொரு தடை வந்து உட்காரும், இது உண்மை. ஜெர்மனியில் ஒரு கட்டாயத் தேர்வில் அனுமதித்த முயற்சிகள் அத்தனையிலும் தோற்றால், பெரும்பாலும் மூன்று, அந்தப் பாடப்பிரிவையே தொடர முடியாது. பணம் செய்த வடிகட்டலை அங்கே தேர்வு செய்கிறது. எனக்கு இது பணத்தைவிட நியாயமானதாகப் படுகிறது. ஆனால் சுலபமானது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. இத்தனை பதிவுகளில் படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. வடிகட்டி, காகிதம், சம்பளத் தாவல், அவ்வளவுதான்.

போன செமஸ்டரில் ஒரு மாணவி விபத்துத் தரவை வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்தாள். மழை நாளில் விபத்து குறைகிறது என்று வந்தது. வரைபடம் அழகாக இருந்தது. "மழையில் எத்தனை வண்டி ஓடியது?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். வண்டி எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து மறுவாரம் வந்தபோது முடிவு தலைகீழாகியிருந்தது. அதன்பின் அவள் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் "எதில் எத்தனை?" என்று கேட்கிறாள். காணொளியில் இதைச் சொல்லித் தர முடியும். ஆனால் அவள் செய்த தவறை அவள் தாளிலேயே பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

கூட்டல்கழித்தல்:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் ஒரு கோட்பாட்டு மாதிரியைக் காட்டினார். கல்லூரி எதையுமே கற்றுத்தராவிட்டாலும் பட்டதாரிக்கு அதிகச் சம்பளம் கொடுப்பது முதலாளிக்கு லாபமாக இருக்கும், ஏனென்றால் திறமைசாலிக்குப் பட்டம் வாங்குவது மற்றவரைவிடச் சுலபம். பட்டம் ஓர் அடையாளம், அவ்வளவே. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போடுவதாக 2001இல் அறிவித்தது. 2012இல் கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளங்கள் வந்தன. கற்பதுதான் நோக்கம் என்றால் கல்லூரிகள் காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லையே? மக்கள் காகிதத்துக்காகத்தான் வருகிறார்கள்.

சுண்ணக்கட்டி:

காலியாகாததற்கு நீங்கள் ஒரு காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அந்த இணையப் படிப்புகளில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் மிகச் சிறிய பங்கு. வகுப்பு, கெடு, பக்கத்தில் உட்கார்ந்து அதே கணக்கில் திணறும் தோழி, தாளைத் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியர், இவை இல்லாமல் பெரும்பாலானவர்களால் நான்கு வருடக் கடினமான படிப்பைத் தாண்ட முடியவில்லை. காகிதம் கிடையாது என்பதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்பென்ஸை முழுசாக எடுத்தால் இந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் கிடைக்கிறது. அடையாளத்துக்கு மதிப்பு வருவதே அதைப் பெறுவது எல்லோருக்கும் ஒரே அளவு சுலபமில்லை என்பதால்தான். கட்டணத்தை எடுத்துவிட்டால் நிறையப் பேர் உள்ளே வருவார்கள். அப்போது "பட்டம் இருக்கிறதா" என்ற கேள்வி வலுவிழந்து, "எந்தப் பாடம், என்ன மதிப்பெண், என்ன செய்துகாட்டினாய்" என்ற கேள்வி வரும். அதனால் கட்டணமில்லாக் கல்லூரியில் பேருக்குப் படித்து வெளியே வருவதுதான் மோசமான தேர்வு. சேர்ந்தால் ஊன்றிப் படிக்க வேண்டும்.

விண்ணப்பக்கட்டு:

இது நான் நேரில் பார்ப்பதுதான். பட்டம் இருப்பவர்கள் மட்டுமே நூறு பேர் நின்றால் அடுத்த டிக் மதிப்பெண்ணுக்கு, அதற்கடுத்தது இன்டர்ன்ஷிப்புக்கு.

வடக்குவாசல்:

இவ்வளவு யோசித்தால் யாரும் எங்கும் சேர மாட்டார்கள். ஆனால் மாலைவகுப்பு சகோதரி எழுதியது உறைத்தது. முடிக்கும் வழி தெரிந்துகொண்டு சேருங்கள் என்று என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

புதுவரவு:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி இரண்டு இடத்திலும் கேட்டேன்.

லிப்ட் நிறுவனத்தில் நேர்மையாகப் பதில் சொன்னார்கள். பயிற்சி முடித்தவர்களில் மேற்பார்வையாளர் வரை போனவர்கள் உண்டு, அதற்கு மேல் யாரும் இல்லை. அடுத்த வருடமும் ஆள் எடுப்பார்கள், ஆனால் எனக்கென்று இடம் வைத்திருக்க முடியாது.

கல்லூரியில் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று கேட்டதற்கு அலுவலகத்தில் பதில் கிடைக்கவில்லை. துறைத்தலைவரிடம் போனேன், அவர் பதிவேட்டைத் திறந்தே காட்டினார். முதல் வருடத்தில்தான் நிறையப் பேர் போகிறார்கள், இரண்டாம் வருடம் தாண்டியவர்கள் பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். வாழ்க்கைச் செலவுக்கு ஓர் உதவித்தொகை இருக்கிறது, விண்ணப்பித்துவிட்டேன். சேர்க்கைக்குக் கடைசி நாளுக்கு முன்பே முடிவு சொல்வார்களாம். ஒரு வருடம் இடத்தைத் தள்ளிவைக்கவும் விதியில் அனுமதி இருக்கிறது.

அம்மாவோடு உட்கார்ந்து பேசினோம். உதவித்தொகை வந்தால் இந்த வருடமே சேர்கிறேன். வராவிட்டால் இடத்தைத் தள்ளிவைத்து, பயிற்சியில் சேர்ந்து ஒரு வருடச் சம்பளத்தைச் சேமிக்கிறேன். பயிற்சியை விட்டு வர வேண்டியிருக்கும் என்பது தெரியும், நிறுவனத்திடமும் அதை மறைக்கப் போவதில்லை. எனக்குப் புள்ளியியல்தான் வேண்டும். இலவசம் என்பதால் இல்லை, சுண்ணக்கட்டி ஐயா எழுதிய அந்த "எதில் எத்தனை?" எனக்கும் கேட்கத் தெரிய வேண்டும்.

முதல் வருடத்தில் விழாமலிருக்க இப்போதே என்ன படிக்கலாம்?

முறுக்காணி:

பயிற்சிக்கு வந்தால் முதல் நாளே சொந்தமாக ஒரு நல்ல மீட்டர் வாங்கிவிடுங்கள். பொது மீட்டரை நம்பாதீர்கள்.

மாலைவகுப்பு:

இடம் தள்ளிவைக்கும் அனுமதியைக் கையெழுத்தோடு, தேதியோடு கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை அடுத்த வருடம் யாருக்கும் நினைவிருக்காது. உதவித்தொகை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதா, எத்தனை மதிப்பெண் குறைந்தால் நிறுத்துவார்கள் என்பதையும் இப்போதே கேளுங்கள்.

சுண்ணக்கட்டி:

நுண்கணிதத்தில் தொகையிடல் (இன்டக்ரேஷன்), அப்புறம் அணிகள் (மேட்ரிக்ஸ்). முதல் வருடத்தில் மாணவர்களைக் கவிழ்ப்பது இந்த இரண்டும்தான், நிகழ்தகவு இல்லை. பள்ளிப் புத்தகத்தையே எடுத்து, விடையைப் பார்க்காமல் கணக்குகளை முழுசாகப் போட்டுப் பாருங்கள். நிபந்தனை நிகழ்தகவு வரும்போது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.